முறிய வேண்டிய ஆணி

லண்டனில் பனி கொட்டப்போகிறது என்று தொலைக்காட்சியில் சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளைகள் துள்ளிக் குதிக்கும். எனக்கு வயிறு பற்றி எரியும். நாற்பத்தாறு வயதாகிறது. தலைக்குச் சாயம் பூசாமல் வாசலைத் தாண்டுவதில்லை, படியேறினால் முழங்கால் கூப்பாடு போடுகிறது. உடம்பில் எல்லாம் தேய்ந்துவிட்டது, இந்தக் கோபம் மட்டும் தேயவில்லை. போன மாதம் அது திரும்ப மூண்டுவிட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

என் வயதுக்காரிகளே, உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. பத்து வயதில் கவுன்சில் கடிதங்களை வாசித்துத் தமிழில் சொன்னவர்கள் நீங்கள். அம்மாவின் வயிற்றுக்குத்தை டொக்டருக்கு ஆங்கிலத்தில் சொல்லி, டொக்டர் சொன்னதில் பாதியை மறைத்து அம்மாவுக்குச் சொன்னவர்கள். பெரியவர்களுக்கு நாம் வாயாக இருந்தோம். நமக்கென்று வாய் திறந்தபோது "பொத்து வாயை" என்றார்கள். உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு வீடியோ கசெட் இருந்திருக்கும். பட்டுச்சீலையும் தலை நிறைய நகையுமாக, தாமரைப்பூக் கதிரையில் இருந்து இளித்துக்கொண்டிருப்பீர்கள். என்னுடைய கசெட்டில் அதற்கு முன்னால் ஒரு டிராக்டர் வரும்.

அப்பா அப்போது கோலியர்ஸ் வுட் பக்கத்தில் ஒரு பழைய விளையாட்டுக் கழகத்தின் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கூட்டுவது, பூட்டுவது, கதிரை அடுக்குவது. வாரநாட்களில் வெள்ளைக்காரக் கிழவர்கள் புல்வெளியில் பந்து உருட்டுவார்கள். சனி ஞாயிறுகளில் நம்மவர்கள் மண்டபத்தை எடுத்து அமர்க்களம் பண்ணுவார்கள். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டில். அதற்குள் கிழிந்த வலைகளுக்கும் கால் முறிந்த கதிரைகளுக்கும் அடியில் ஒரு தோட்டத்து டிராக்டர் கிடந்தது. செத்துப்போன கழகத் தலைவர் ஒருவர் அமெரிக்காவில் இருந்து திரும்பியபோது கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்ததாம். அதன் முன்னால் பனியை அள்ளித் தூர வீசும் பொறி ஒன்று பூட்டியிருந்தது. லண்டனில் வருடத்துக்கு இரண்டு நாள் பனி விழுந்தாலே பெரிய காரியம். இதை இங்கே கொண்டுவந்த மனுசனை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும்.

அந்த இலையுதிர் காலத்தில்தான் மாமா எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அம்மாவின் ஒரே தம்பி. யாழ்ப்பாணத்தில் கராஜ் வைத்திருந்தவர். போரில் அரசாங்கம் ஊருக்குப் பெற்றோல் வராமல் தடுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட வைத்தவர்களில் ஒருவர். இங்கே அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை வேலை செய்ய முடியாது. எங்கள் முன்னறைச் சோபாதான் அவருக்குப் படுக்கை. அக்கா வீட்டில், அத்தானின் சோற்றில் இருக்கிறவர் என்பதால் கதவைக்கூடச் சத்தமில்லாமல் சாத்துவார். தேநீர் வேண்டுமா என்று கேட்டால், மற்றவர்கள் குடித்துவிட்டார்களா என்று கேத்திலைப் பார்த்துவிட்டுத்தான் ஓம் என்பார்.

சும்மா இருக்கிறவனைக் கதிரை அடுக்கவாவது விடுவோம் என்று அப்பா அவரை மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். சனிக்கிழமைகளில் நானும் கூடப் போவேன். முதல் நாளே மாமா கொட்டிலுக்குள் டிராக்டரைக் கண்டுபிடித்துவிட்டார். என்னை உள்ளே கூப்பிட்டு, ஏதோ குழந்தை தூங்குகிற மாதிரி மெல்லிய குரலில் சொன்னார்.

"பிள்ளை, இஞ்சை பார். குட்டி உழவு மிசின்."

சீட்டுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. அதற்குள் எண்ணெய்க் கறை படிந்த ஒரு புத்தகம். இயந்திரத்தை எப்படி ஓட்டுவது, எப்படிப் பராமரிப்பது என்று ஆங்கிலத்தில் எழுதியது. மாமாவுக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் வரும். நான் பால்கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்து வாசித்துத் தமிழில் சொல்வேன். அவர் கேட்டுக் கேட்டுச் செய்வார். அந்த மூன்று மாதம் நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று எனக்கே அப்போது தெரியாது. பெற்றோல் மணம், ஈரத் தகரத்தின் மணம், பூஞ்சணத்தைத் துடைக்கத் துடைக்க அடியிலிருந்து எழும்பிய சிவப்பு நிறம், இருந்தால் கீச்சென்று கத்துகிற வில்லுச் சீட்டு. லண்டனில் பெற்றோல் தாராளமாகக் கிடைக்கும். ஆனாலும் மாமா இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் கொஞ்சம் பெற்றோலை வைத்துக்கொண்டு, மூடியால் ஐந்தாறு துளி விட்டுத்தான் எஞ்சினைத் தட்டி எழுப்புவார். ஊர்ப் பழக்கம். வேறு எல்லா இடத்திலும் நான் வெறும் குழாய், ஒரு பக்கம் ஊற்றினால் மறு பக்கம் வரும். அந்தக் கொட்டிலுக்குள் மட்டும்தான் நான் சொன்னதை ஒரு பெரிய ஆள் காதால் வாங்கி அப்படியே செய்தார்.

இனி அந்த ஆணியைப் பற்றிச் சொல்லவேண்டும். பனி வீசும் பொறியின் வாய்க்குள் ஒரு பெரிய இரும்புச் சுருள் இருக்கும். அது சுழன்று பனியை உள்ளே இழுக்கும். அந்தச் சுருளையும் அதைச் சுழற்றும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது சுண்டுவிரல் பருமனில் ஒரே ஒரு ஆணி. புத்தகத்தில் அதற்கு மட்டும் சிவப்புக் கட்டம் போட்டு ஒரு பக்கம் எழுதியிருந்தது. நான் வாசித்தேன். இந்த ஆணி மெத்தென்ற இரும்பில் செய்தது. கல்லோ கட்டையோ சுருளில் சிக்கினால் ஆணி தானாக முறியும். அது முறிந்தால் சுருள் நின்றுவிடும், மிசினும் தப்பும், ஆளும் தப்பும். எந்தக் காரணம் கொண்டும் வேறு ஆணி போடவேண்டாம்.

"ஓம், இது முறியத்தான் வேணும்," என்றார் மாமா. அவருக்கு முதலே தெரிந்திருந்தது. வேலை தெரிந்தவர் அல்லவா.

நனைந்த இலைக் குவியலில் ஓட்டிப் பார்த்தோம். ஒரு கொப்பு சிக்கியது. டிக் என்று ஆணி முறிந்தது. இன்னொன்று போட்டோம். அடுத்த சனிக்கிழமை கல் சிக்கி அதுவும் போயிற்று. தகரப் பெட்டியில் மிச்சம் மூன்று ஆணிகள் இருந்தன. பனி வந்த பிறகு போடுவோம் என்று அவற்றை ஒரு மிட்டாய்ப் பேணிக்குள் போட்டு என்னிடம் தந்தார். நான் அதைப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக் கிலுக்கிக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவுக்கு இந்தக் கதையைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். "முறியிறதுக்கெண்டு ஆராவது ஆணி செய்வானே? திரும்பத் திரும்ப ஆணி விக்கிறதுக்கு வெள்ளைக்காரன் செய்த யாவாரம் அது." வீட்டு வாடகை விசயமாகக் கவுன்சில் அனுப்பிய கடிதத்தில் நான் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் குதிக்கிற மனுசன், இதை மட்டும் பகிடியாக எடுத்தார்.

தை மாதம், பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்பில் வைத்து நான் பெரியபிள்ளையானேன். எனக்குப் பன்னிரண்டு வயது. ஆசிரியை அமைதியாக ஒரு பையைத் தந்து, வேண்டுமென்றால் வீட்டுக்குப் போகலாம் என்றார். அவ்வளவுதான் விசயம். அந்த அவ்வளவு சின்ன விசயத்தை அம்மா அன்று பின்னேரத்துக்குள் கனடா வரைக்கும் தொலைபேசியில் அனுப்பிவிட்டார். மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் சாமத்தியவீடு. அப்பாவின் மண்டபம். இருநூற்றைம்பது பேர். மாமன் தண்ணீர் வார்ப்பது, ஆலாத்தி, தாமரைப்பூக் கதிரை, வீடியோ.

நான் வேண்டாம் என்றேன். முதலில் மெதுவாகச் சொன்னேன். பிறகு அழுது சொன்னேன். பிறகு குசினிக்குள் நின்று கத்தினேன்.

"எனக்கு வேண்டாம் அம்மா! என்ரை வகுப்புப் பொடியங்களின்ரை அம்மாக்கள் எல்லாம் வருவினம். எனக்கு என்ன நடந்தது எண்டு ஊருக்கெல்லாம் ஏன் சொல்லுறியள்?"

"எல்லாரும் செய்யினம். நாங்கள் செய்யாட்டில் சனம் என்ன கதைக்கும்? பிள்ளையிலை ஏதோ குறை எண்டுதான் சொல்லும்."

மாமா குசினி வாசலில் நின்றார். கையில் அவர் கழுவிய கோப்பை. "அக்கா, அவள்…" என்று தொடங்கினார்.

"நீ கொஞ்சம் சும்மா இரு," என்றார் அம்மா. மாமா கோப்பையை அடுக்கிவிட்டுச் சும்மா இருந்தார்.

வெள்ளிக்கிழமை பனி தொடங்கியது. சனிக்கிழமை முழுவதும் கொட்டியது. நான் யன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு, இன்னும் கொட்டு, இன்னும் கொட்டு என்று கும்பிட்டேன். அதுவரை எந்தச் சாமியையும் நான் அப்படிக் கும்பிட்டதில்லை. தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. வடக்கு லண்டன் எட்மண்டனில் இருந்து, தெற்கே லூயிஷாமில் இருந்து எல்லாம் கேட்டார்கள். பெரிய ரோட்டில் உப்புப் போட்டிருக்கிறார்கள், வந்துவிடலாம். ஆனால் மண்டபத்து முற்றத்தில் கார் விட முடியுமா? அங்கே கெண்டைக்கால் வரைக்கும் பனி. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டு, நாளை மாற்றலாமா என்றுகூடக் கேட்டுவிட்டார். நான் யன்னலை விட்டுத் திரும்பி அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா தொலைபேசியை வாங்கினார். "என்னப்பா கதைக்கிறியள்? எங்களிட்டை ஸ்நோ மிசின் கிடக்கு. ஒரு மணித்தியாலத்திலை முற்றத்தைத் துடைச்சு வைப்பன். நீங்கள் வாங்கோ."

அதையே பத்துப் பேருக்குச் சொன்னார். பத்து ஆம்பிளைகளும் பனி அள்ளப் பத்துச் சவளும் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிகிற வேலை. ஆனால் சவளால் தள்ளினால் கூலிக்காரன், மிசினால் தள்ளினால் முதலாளி அல்லவா? இத்தனை வருடம் அந்த மண்டபத்தில் கூட்டின மனுசனுக்கு ஒரு நாளாவது நாலு பேர் முன்னால் முதலாளியாக நிற்க ஆசை. அந்த ஆசை எனக்கு இன்றைக்கு விளங்குகிறது. விளங்கினால்? மன்னிக்கவேண்டுமா?

நான் மிட்டாய்ப் பேணியை எடுத்துத் தலையணை உறைக்குள் செருகினேன். ஆணி இல்லாவிட்டால் சுருள் சுழலாது. சுருள் சுழலாவிட்டால் முற்றம் இல்லை. முற்றம் இல்லாவிட்டால் சாமத்தியவீடு இல்லை. என் கணக்கு அவ்வளவுதான். இதில் பிழை கண்டுபிடிக்கிற ஆளை நான் பார்க்கவேண்டும்.

ஞாயிறு காலை தலைக்கு அலங்காரம் செய்கிற பெண் வந்து என்னைக் கட்டிலில் இருத்திக் கொண்டை ஊசிகளைக் குத்திக்கொண்டிருந்தாள். மாமா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்து, கதவுக்கு வெளியே நின்று கேட்டார்.

"பிள்ளை, அந்த ஆணிப் பேணியைக் கண்டனியே?"

"காணேல்லை மாமா."

அவர் உடனே போகவில்லை. கதவுக்கு அடியில் அவருடைய கால் நிழல் தெரிந்தது. பிறகு போனது. கீழே அப்பாவிடம் சொல்வது கேட்டது.

"அத்தான், அந்த ஆணி இல்லை. அது இல்லாமல் ஓட்டுறது அவ்வளவு சரியில்லை."

"இல்லாட்டில் வேறை ஆணியைப் போடன். என்ரை கார் டிக்கியிலை நல்ல உருக்கு ஆணி கிடக்கு. மண்ணெண்ணெயிலை மோட்டச்சைக்கிள் ஓட்டின ஆள் நீ, உனக்கு உதொரு வேலையே?"

இப்படி ஒரு வழி இருக்கிறது என்று நான் யோசிக்கவே இல்லை. கொண்டை ஊசியோடு எழும்பி நின்று கத்தினேன். "அப்பா! வேறை ஆணி போடக்கூடாது! புத்தகத்திலை சிவப்பாலை எழுதியிருக்கு!"

"புத்தகம் எழுதினவன்ரை வீட்டிலையோ இண்டைக்குச் சாமத்தியவீடு? நீ இண்டைக்குக் கதைக்கக்கூடாது. பொம்பிளைப் பிள்ளை மாதிரிப் பேசாமல் இரு."

கீழே சிரித்தார்கள். மாமாவின் சத்தம் இல்லை. வாசல் கதவு சாத்துப்பட்டது.

கேளுங்கள், நான் ஒன்றும் யோக்கியம் இல்லை. தலையணைக்குள் கை விட்டால் பேணி. படியால் ஓடி இறங்கி "இந்தாங்கோ மாமா" என்று கொடுத்திருக்கலாம். கார் எஞ்சின் சூடாகும்வரை இரண்டு நிமிடம் இருந்தது. நான் இருந்த இடத்திலேயே இருந்தேன். ஒருவேளை அந்த உருக்கு ஆணி பொருந்தாமல் போகும் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். என்மேல் எனக்கு இருக்கிற கோபம் அந்த இரண்டு நிமிடத்துக்கு.

அங்கே நடந்ததன் முதற்பகுதியை நான் கசெட்டில்தான் பார்த்தேன். அப்பா வீடியோக்காரரை வேளைக்கே வரச் சொல்லியிருந்தார், கனடாவுக்கு அனுப்ப மிசினைப் படம் பிடிக்கவேண்டுமாம். முதல் முதலாக வேலைக்கு இறங்குகிற வாகனம். தேங்காய் உடைக்காமல் எப்படி? பொறியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அப்பா தேங்காயைத் தலைக்குமேல் தூக்கி, மூன்று முறை சுற்றி, ஓங்கி அடித்தார். பனியில் அடித்தார்! பொத் என்றது. தேங்காய் உடையவில்லை. தாழ்ந்து போய்விட்டது. நிலத்தில் ஒரு ஓட்டை மட்டும் தெரிந்தது. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒருவர் குனிந்து கையால் துழாவினார், கை விறைத்ததும் விட்டுவிட்டார். "விடு, பிறகு எடுப்பம், நேரம் போகுது" என்று அப்பா இன்னொரு தேங்காயை எடுத்து மண்டபத்துப் படியில் உடைத்தார். அது நன்றாக இரண்டாகப் பிளந்தது. அதற்குள் காற்றும் பனித்தூளுமாக அந்த ஓட்டை மூடிப்போயிற்று.

நாங்கள் காரில் போய்ச் சேர்ந்தபோது மாமா முற்றத்தின் பாதியைத் துடைத்துவிட்டார். சிவப்பு டிராக்டர் மெல்ல மெல்ல ஊர்ந்தது. பொறியின் கழுத்திலிருந்து பனி வில்லாக வளைந்து எழும்பிப் போய்ச் சுவரோரம் விழுந்தது. வெயில் பட்டு மின்னியது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாக இருந்தது. நான் வாசித்து, அவர் செய்து, ஓடுகிற மிசின் அல்லவா. மாமா என்னைக் கண்டு கையைத் தூக்கிக் காட்டினார். இரண்டு கையும் முழுதாக நான் பார்த்தது அதுதான் கடைசி.

பிறகு டமார் என்று ஒரு சத்தம். எஞ்சின் திணறி நின்றது. பனியில் தாழ்ந்த அந்தத் தேங்காய் சுருளுக்குள் போய் இறுகிவிட்டது. முறிய வேண்டிய ஆணி இருந்திருந்தால் டிக் என்று முறிந்து எல்லாம் தளர்ந்திருக்கும். உருக்கு ஆணி அசையவில்லை. எஞ்சின் நின்றாலும் பெல்ட் முறுக்கேறி இழுத்துக்கொண்டே நின்றது. மாமா இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். தெருவில் முதல் கார்கள் வந்து ஹோர்ன் அடித்தன.

"கெதியா எடடா! ஆக்கள் வந்திட்டினம்!" அப்பா கத்தினார்.

மாமா ஒருமுறை பெல்ட்டைத் தளர்த்துகிற லீவரைப் பார்த்தார், ஒருமுறை அப்பாவைப் பார்த்தார். கையை விட்டார். தேங்காய் நழுவியது. சுருள் கால்வாசி சுற்று சுற்றியது. அவ்வளவுதான். வலது கையில் இரண்டு விரல்.

நான் கார்க் கதவைத் திறந்து காலை வெளியே வைத்தேன். அம்மா என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தார். "இறங்காதை, சீலை நனையும்." கடவுளே! சீலை நனையுமாம்.

அம்புலன்ஸ் வந்தது. யார் கூடப் போவது என்ற கேள்வி வந்தது. அப்பா விழா வீட்டுக்காரர், அவர் போக முடியாது. அம்மா போக முடியாது. வந்தவர்கள் எல்லோரும் விருந்தாளிகள். கடைசியில் கழகத்து வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர்தான் மாமாவோடு ஏறிப் போனார். அவருக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தக் குடும்பத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் மொழிபெயர்த்த ஆள் நான். அன்றைக்கு மட்டும் நான் நெற்றிச்சுட்டியோடு தாமரைப்பூவில் இருந்தேன். விரலை ஒட்டலாமா, வெட்டிவிடலாமா என்று டொக்டர் கேட்டபோது என்ன கேட்கிறார் என்று விளங்காமல் மாமா எல்லாவற்றுக்கும் "யெஸ்" சொன்னாராம்.

"நல்ல நேரம் போகுது," என்றார் ஐயர். மாமன் இல்லாமல் தண்ணீர் வார்க்க முடியாதே? அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணை ஒருவரை, நான் அதுவரை இரண்டு தரம்கூடக் கண்டிராத ஆளை, மாமன் என்று நிறுத்தினார்கள். பாலும் அறுகும் தலையில் வைத்து அவர் தண்ணீர் வார்த்தார். தண்ணீர் சில்லென்று இருந்தது. வீடியோக்காரர் "தங்கச்சி, சிரிங்கோ" என்றார். நான் சிரித்தேன். நன்றாகவே சிரித்திருக்கிறேன். கசெட்டைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தேங்காய் பனியில் தாழ்கிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள், பூப் பூவாகத் திரை விரிகிறது, நான் பட்டுச்சீலையில் வருகிறேன். வீட்டுக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் அப்பா அந்தத் தேங்காய்க் கட்டத்தை இரண்டு தரம் போட்டுக் காட்டுவார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். "கையை விடாதை எண்டு சொல்லச் சொல்ல விட்டிட்டான். அவன்ரை கவலையீனம்." எந்தக் கலியாண வீட்டிலும் எந்தச் செத்த வீட்டிலும் அப்பா இதையே சொன்னார். மாமாவும் பக்கத்தில் இருந்து தலையாட்டுவார். விரல் போன பிறகு கராஜ் வேலை சரிவரவில்லை. வேலை செய்ய அனுமதி கிடைத்ததும் பெற்றோல் ஸ்டேசன் ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்துவிட்டார், இருபத்திரண்டு வருடம். டிராக்டரைக் கழகத்துக்காரர் பழைய இரும்புக்குக் கொடுத்துவிட்டார்கள். லொறியில் ஏற்றும்போது நான் பார்த்தேன். நெற்றியில் சந்தனம் காய்ந்து அப்படியே இருந்தது.

அப்பா போய் இரண்டு வருடம். அவரிடம் ஒரு தரம்கூட நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் தலையணை உறையைப் பற்றியும் சொல்லவேண்டி வந்திருக்கும் அல்லவா? முப்பது வருடம் என் வாயை அடைத்து வைத்தது அதுதான்.

போன மாதம் என் மகள் பெரியபிள்ளையானாள். என்னோடு இருக்கிற அம்மாவுக்கு எழுபத்தைந்து வயது, இடுப்பு மாற்றியாகிவிட்டது, ஆனால் அன்று பின்னேரம் அவர் தொலைபேசியைத் தூக்கிய வேகத்தைப் பார்க்கவேண்டும். எனக்கு அண்ணன் தம்பி இல்லை. அதனால் மாமாவை லூயிஷாமில் இருந்து வரச் சொன்னார். "உனக்கு வாக்க வேண்டிய தண்ணி அவன்ரை கையாலை வாக்கக் குடுத்து வைக்கேல்லை. உன்ரை மகளுக்கு வாக்கட்டும்." இதைப் பெரிய தர்மம் செய்கிற மாதிரிச் சொன்னார்.

மாமா வந்தார். குசினி மேசையில் அம்மா கலண்டரை விரித்தார். மகள் எதிரில் இருந்தாள்.

"அம்மம்மா, ப்ளீஸ். ஐ டோன்ட் வோன்ட் இட்."

"உனக்கு என்ன தெரியும்? எல்லாரும் செய்யினம். செய்யாட்டில் சனம் என்ன கதைக்கும்?"

சொல்லுக்குச் சொல் அதே வார்த்தை. எனக்குள் ஏதோ பட்டென்று அறுந்தது. மேலே போய், என் அலுமாரியின் அடித்தட்டில் இருந்த பேணியை எடுத்துவந்து, மாமாவின் முன்னால் மேசையில் கவிழ்த்தேன். மூன்று ஆணியும் உருண்டு கலண்டரில் முட்டி நின்றன.

"மாமா, அண்டைக்குக் காணேல்லை எண்டு சொன்னது பொய். நான்தான் ஒளிச்சு வைச்சனான்."

அவர் ஒரு ஆணியை எடுத்து உருட்டிப் பார்த்தார். "தெரியும் பிள்ளை."

"என்ன தெரியும்?"

"தலையணைக்குள்ளை எண்டு தெரியும். தேத்தண்ணி கொண்டு வந்து வைக்கேக்கை நீ தலையணைப் பக்கம் அரக்கி இருந்தனீ. பேணி கிலுங்கினது."

"பிறகேன் கதவடியிலை வந்து கேட்டனீங்கள்?"

"நீயா எடுத்துத் தந்தால் போடுவம் எண்டு நினைச்சன். தராட்டில் அத்தானிட்டை ஏலாது எண்டு சொல்லிப்போடுவம் எண்டுதான் கீழை போனனான்." ஆணியை மேசையில் வைத்தார். "போனால் வாய் வரேல்லை. அவற்றை வீட்டிலை இருந்து சாப்பிடுறன். எப்பிடிச் சொல்லுறது?"

அம்மாதான் பேசினார். "முடிஞ்சுபோன கதையை இப்ப ஏன் கிளறுறியள்? தம்பி, வாற மாதம் பதினெட்டாம் திகதி உனக்குத் தோதுப்படுமோ?"

மாமா மூன்று ஆணிகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேணிக்குள் போட்டு, மூன்று விரலால் மூடியை அழுத்தி மூடினார்.

"அக்கா, அவள் வேண்டாம் எண்டு சொல்லுறாள்."

"நீ கொஞ்சம் சும்மா இரு."

"இருக்கமாட்டன். நான் தண்ணி வாக்க வரமாட்டன். நீ வேறை மாமனைப் பிடிச்சாலும் வாசலிலை நிண்டு மறிப்பன். பிள்ளை வேண்டாம் எண்டு சொல்லுறாள். கேக்குதே உனக்கு?"

அந்த மனுசன் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கலண்டரை மெல்ல மடித்தார். நான் ஓடிப்போய் அவரைக் கட்டிப்பிடித்திருக்கவேண்டும், அழுதிருக்கவேண்டும். எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம்தான், உச்சந்தலை வரைக்கும்.

"இதை அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே மாமா!" என்று கத்தினேன். "அண்டைக்குச் சொல்லியிருக்கலாமே!"

அவர் பேணியை என் பக்கம் தள்ளினார்.

"ஓம் பிள்ளை," என்றார். "சொல்லியிருக்கலாம்."